பேனாவை இரவல் கொடுங்கள்

லண்டன் ஓல்டு ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி, பன்ஹில் ரோ வழியாகத்தான் தினமும் அலுவலகத்துக்கு நடக்கிறேன். வில்லியம் பிளேக்கும் டேனியல் டிஃபோவும் அடங்கியிருக்கும் பழைய இடுகாடு அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், காபிக் கடைகள். இந்தத் தெருவில் ஒரு காலத்தில் பேனா செய்தார்கள் என்றால் பக்கத்து மேசைக்காரரே நம்ப மாட்டார். தபால்தலையும் பணத்தாளும் அச்சடித்துப் பேர்பெற்ற டி லா ரூ நிறுவனம் 1905-இல் ‘ஓனோட்டோ’ என்ற மைப்பேனாவை இங்கிருந்துதான் கொண்டுவந்தது. பின்பக்கக் குமிழைத் திருகி, உள்ளிருக்கும் தண்டை முழுக்க வெளியே இழுத்து, நிப்பை மைக்குள் முக்கித் தண்டை ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். தண்டுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம் மையை உறிஞ்சிப் பேனாவை நிரப்பிவிடும். ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு விரலெல்லாம் கறையாகிக் கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்!

அந்தப் பேனா ஜப்பானுக்கும் போனது. நாவலாசிரியர் நட்சுமே சோசெகி 1900 முதல் 1902 வரை லண்டனில் படித்தவர். கிளாப்பம் பகுதியில் அவர் தங்கியிருந்த வீட்டில் இன்றும் நீல நினைவுப் பலகை இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும்போது உறவினர் ஒருவர் மைப்பேனா பரிசளித்தார். எழுதிப் பார்ப்பதற்குள், கப்பலில் கசரத்து செய்கிறேன் என்று அதை உடைத்துவிட்டார். பல வருடங்கள் கழித்து டோக்கியோவின் மாருசென் கடையில் பெலிக்கன் பேனா வாங்கினார். புளூ பிளாக் நிறம் அவருக்குப் பிடிக்காது. செப்பியா மையை ஊற்றினார். பேணும் பக்குவமும் தெரியவில்லை. பேனா சண்டித்தனம் செய்தது. வெறுத்துப்போய்த் தொட்டெழுதும் பேனாவுக்கே திரும்பிவிட்டார். அதன்பின் மாருசெனில் இருந்த நண்பர் உச்சிடா ரோஆன் மூலம் ஓனோட்டோ ஒன்று அவர் கைக்கு வந்தது. எழுதினால் சுகமாக ஓடுகிறது என்று 1912-இல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். பரிசாக வந்ததாலும், காசு கொடுத்து வாங்கியதாலும் ஆகாத காரியம், நண்பர் கையில் வைத்த பேனாவால் ஆயிற்று.

நம் ஊரில் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லி வளர்த்தார்கள். பேனாவை இரவல் கொடுக்காதே, நிப் உன் கைக்குப் பழகியிருக்கிறது, அடுத்தவன் எழுதினால் கெட்டுப்போகும் என்பார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்காக மாமா வாங்கிக் கொடுத்த ஹீரோ பேனாவை, மூடியைக் கழற்றாமல் பாக்கெட்டில் செருகிக்கொண்டு திரிந்தவர்கள் எத்தனை பேர்! அந்த எச்சரிக்கையில் ஓரளவு உண்மை இருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே கோணத்தில் எழுதினால் நிப்பின் முனை கொஞ்சம் தேயத்தான் செய்யும். ஆனால் அந்த முனையில் ஒட்டியிருப்பது மிகக் கடினமான உலோகக் கலவை. ஒருவர் நான்கு வரி எழுதுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. இந்த நகரத்தில் நண்பர்களையும் சக ஊழியர்களையும் மைப்பேனாவின் பக்கம் இழுக்க வேண்டுமென்றால், முதலில் விட வேண்டியது அந்தப் பழைய பயத்தைத்தான். மையடைத்த பேனா, நல்ல தாள், எழுதிப் பாருங்கள் என்ற ஒரு வார்த்தை. இதற்கு ஈடான பிரசாரம் வேறு எதுவும் இல்லை.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்லாம் திரையில்தான். இருந்தாலும் கூட்டங்களில் எல்லோர் முன்னும் ஒரு நோட்டு இருக்கும். நான் மூடியைத் திருகித் திறந்ததும் பக்கத்தில் இருப்பவர் நிச்சயம் திரும்பிப் பார்ப்பார். பேச்சு எடுத்த எடுப்பில் மன்னர் சார்லஸிடம்தான் போய் நிற்கும். 2022 செப்டம்பரில் வடஅயர்லாந்தின் ஹில்ஸ்பரோ மாளிகையில் கையெழுத்திட்டபோது பேனா ஒழுகி அவர் எரிச்சல்பட்டதை உலகமே பார்த்ததல்லவா? அந்த நேரத்தில் மைப்பேனாவின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் எதிரில் இருப்பவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைப்பதுதான் சரி.

வாங்கியவுடன் எல்லோரும் அழுத்துவார்கள். பந்துமுனைப் பேனா கற்றுக்கொடுத்த பழக்கம் அது. உள்ளே இருக்கும் பசை போன்ற மையைப் பந்து உருண்டு தாளில் தேய்க்க வேண்டுமென்றால் அழுத்தம் வேண்டும். மைப்பேனாவின் வேலை வேறு. நிப்பின் நடுவில் மெல்லிய பிளவு. அடியில் நெடுக்கக் கோடு கீறிய ஒரு கட்டை. அந்தக் கீறல் வழியாக மை இறங்க இறங்க, இறங்கிய அளவுக்குக் காற்று மேலே ஏறும். நுண்துளையில் நீர் தானாக ஏறும் அதே விசை மையைப் பிளவின் நுனி வரை கொண்டுவந்து நிறுத்திவிடும். தாள் தொட்டால் போதும், தாளே மையை இழுத்துக்கொள்ளும். இதைச் சொல்லி, “பேனாவோட எடையே போதும், சும்மா நகர்த்துங்க” என்றால் இரண்டாவது வரியில் தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். நிப்பைப் புரட்டிப் பிடித்துவிட்டு “எழுதவில்லையே” என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு பைலட் ககுனோ பேனாவைக் கொடுப்பேன். ஜப்பானில் சிறுவர்களுக்காகச் செய்த பேனா. நிப்பில் சிரிக்கும் முகம் ஒன்று பொறித்திருக்கும். அந்த முகம் நம்மைப் பார்த்தபடி இருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறோம். விளக்கம் தேவையே இல்லை.

அலுவலக ஜெராக்ஸ் தாளை மட்டும் நம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் மை இழை இழையாகப் பரவி, பின்பக்கத்திலும் ஊறித் தெரியும். எழுதியவர் பேனாவைத்தான் குறை சொல்வார். பிரான்ஸின் ரோடியா அல்லது கிளேர்ஃபோன்டேன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு சேர்த்துக் கொடுங்கள். அதேபோல, விலையைப் பற்றிப் பேச வேண்டாம். மோன்பிளாங் என்ன விலை தெரியுமா என்று ஆரம்பிப்பவர்கள்தான் இந்தப் பழக்கத்தைப் பணக்காரர்களின் பொழுதுபோக்காக்கி வைத்திருக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம். பிளாட்டினம் பிரெப்பி என்றொரு பேனா ஒரு மதியச் சாப்பாட்டின் விலைக்குள் கிடைக்கிறது. மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி இருப்பதால் மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாலும் மை காய்வதில்லை. மறந்து மேசை டிராயரில் போட்டுவிடும் சக ஊழியருக்கு இதைவிட ஏற்ற பேனா எது?

இங்கிலாந்துக்காரர்களிடம் கேட்க எனக்கு இன்னொரு கேள்வி உண்டு: கல்யாணத்தன்று எந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டீர்கள்? 2021 மே மாதம் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணங்களைத் தடித்த பதிவேட்டில் கையால்தான் எழுதினார்கள். அதற்கென்றே இரும்புச் சத்து கலந்த தனி மை. எழுதும்போது வெளிறிய நீலமாக இருக்கும்; காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும்; தண்ணீர் ஊற்றினாலும் போகாது. “ஆமாம், பதிவாளர் ஒரு மைப்பேனாவைக் கொடுத்தாரே!” என்று கண் விரியச் சொல்வார்கள். வாழ்க்கையின் முக்கியமான கையெழுத்தை மைப்பேனாவில் போட்டுவிட்டு அதை மறந்தே போனவர்கள். அந்த நினைவு வந்த பிறகு பேனாவை நீட்டினால் யாரும் வேண்டாம் என்பதில்லை.

அந்த மையின் கதையும் லண்டன் கதைதான். கவிஞர் கீட்ஸோடு மருத்துவம் படித்து, அவரோடு ஒரே விடுதியில் தங்கியிருந்த ஹென்றி ஸ்டீஃபன்ஸ் என்ற மருத்துவர் 1832-இல் அழியாத புளூ பிளாக் மையை உருவாக்கி விற்க ஆரம்பித்தார். அவருடைய மகனை ‘இங்கி’ ஸ்டீஃபன்ஸ் என்றே ஊர் அழைத்தது. அவர் 1918-இல் தன் ஃபின்ச்லி மாளிகையையும் தோட்டத்தையும் ஊர் மக்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அங்கே மை பாட்டில்களும் விளம்பரங்களும் கொண்ட சிறிய காட்சியகம் இருக்கிறது. ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் கொஞ்ச தூரம் வடக்கே போனால் பார்த்துவிடலாம். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கட்டாயம் போக வேண்டும். இங்குள்ள ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் பென்சிலிலிருந்து பேனாவுக்கு மாற ‘பென் லைசென்ஸ்’ வாங்க வேண்டும். எழுத்து சீரானால் ஆசிரியர் அனுமதிச் சீட்டுக் கொடுப்பார். சீட்டு வாங்கிய பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ மறுநாள் அலுவலகத்தில் என்னைத் தேடி வருவார்கள், நல்ல பேனா எதுவென்று கேட்டு.

எங்கள் பிரிவில் சாவகச்சேரிக்காரத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். ஒருநாள் என் மேசைக்கு வந்து, “அண்ணை, உங்கட பேனையை ஒருக்காத் தாங்கோ பாப்பம்” என்றாள். அன்று என்னிடம் இருந்தது திருவள்ளூர் பேனா. அங்கே எம்.எஸ். பாண்டுரங்கனின் ரங்கா பேனாப் பட்டறையில் எபோனைட் தண்டைக் கடைசலில் கொடுத்துக் கையால் கடைந்தெடுக்கிறார்கள். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய பொருள் எபோனைட். பிளாஸ்டிக்கைப் போலச் சில்லென்று இருக்காது, தொட்டவுடன் இதமாக இருக்கும். தாளை இழுத்து முதலில் ஊர்ப் பெயரை எழுதினாள். ‘சே’யின் கொம்பு சுழித்து முடிந்த இடத்தில் மை தேங்கிக் கருத்து நின்றது, கோடு நீண்ட இடத்தில் வெளிறி ஓடியது. ஒரே மை, ஒரே எழுத்துக்குள் இரண்டு நிறம். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “அப்பா வாத்தியார். அவரிட்ட இப்பிடி ஒண்டு இருந்தது. எங்களைத் தொடவே விடமாட்டார்” என்றாள். பேனா அந்த வாரம் முழுக்க அவளிடமே இருந்தது. இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் யாராவது கேட்டால் என்னை முந்திக்கொண்டு அவள்தான் நீட்டுகிறாள்.

இரவல் கொடுப்பவருக்கு வேலை அதிகம். ஒத்துக்கொள்கிறேன். முதல் சில மாதம் மையடைப்பதும் கழுவுவதும் நம் பொறுப்பாகத்தான் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில், தெளிவாக வரும்வரை நிப்பைக் கழுவினால் போதும், சுடுதண்ணீர் ஆகாது. மை மாற்றும்போது கட்டாயம் கழுவ வேண்டும். ஃபில்லரால் நிரப்பும் பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கினால் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைப் பொத்தென்று தள்ளிவிடும். அதற்குள் மறுபடி நிரப்பிவிட வேண்டும். ஊருக்கு விமானம் ஏறுகிறவர்கள் பேனாவை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப் மேலே பார்க்க வைத்துக்கொள்ள வேண்டும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அப்போதுதான் வந்திருந்த பந்துமுனைப் பேனாவை விரும்பியதும் இதனால்தான். வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குத் துவைத்தால் போகும் நீல மையை அடைத்துக் கொடுங்கள். அழியாத மைகளை அவர்கள் தாமாகக் கேட்கும்வரை காட்டாதீர்கள்.

டிசம்பரில் வேலை தானாக நடந்துவிடும். 1864-இல் தொடங்கி, இன்று லிவர்பூலில் இயங்கும் டையமின் மை நிறுவனம் 2019 முதல் கிறிஸ்துமஸ் நாள்காட்டி ஒன்றை வெளியிடுகிறது. 25 சிறு கதவுகள்; தினமும் ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு மைக்குப்பி. அலுவலகச் சமையலறையில் அதை வைத்துவிட்டு, பக்கத்தில் கண்ணாடித் தொட்டெழுது பேனாவையும் கொஞ்சம் அட்டைகளையும் போட்டுவைப்போம். தேநீர் போட வருகிறவர்கள் அன்றைய நிறத்தில் தங்கள் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாத கணினிப் பிரிவுக்காரர் பச்சையில் மினுக்கு கலந்த மை வந்த அன்று இரண்டு முறை வந்து எழுதினார்.

இந்தக் கோடையில் சென்னை போகும்போது வாங்கிவர ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். பாரிமுனையில் இருக்கும் ஜெம் அண்ட் கோ கடைக்கும், அப்படியே திருவள்ளூருக்கும் போய்வர வேண்டும். போலந்துக்காரத் தோழிக்குக் கறுப்பும் பச்சையும் கலந்த எபோனைட், மேலாளருக்குத் தடித்த நிப். இடக்கைக்காரர் ஒருவர்தான் இன்னும் தயங்குகிறார். எழுதிய வரியின் மேலேயே அவர் கை தேய்த்துக்கொண்டு போகிறது. சீக்கிரம் காயும் மையைக் கொடுத்துப் பார்த்தேன், தாளைச் சாய்த்து வைத்து எழுதச் சொன்னேன், பாதி சரியானது. மீதிக்கு அவர் கை போகும் போக்குக்கு ஏற்ப நிப்பைத் தேய்த்தாக வேண்டும். இலையுதிர் காலத்தில் நடக்கும் லண்டன் பேனாக் கண்காட்சியில் மேசை போட்டு உட்கார்ந்து, எழுதச் சொல்லிப் பார்த்துப் பார்த்து நிப்பைத் தேய்த்துக் கொடுப்பவர்கள் வருவார்கள். அதுவரை என்னுடையதை வைத்திருங்கள் என்று கொடுத்திருக்கிறேன்.