ஒற்றைப் போட்டானும் செயற்கை அணுவும்

ஒளியின் மிகச்சிறிய கூறான ஒரே ஒரு போட்டானும் ஒரே ஓர் அணுவும் தனித்துச் சந்திக்கும்போது நிகழ்வது யாது என்பதை, ஆடிகளுக்கிடையே சிறைப்பட்ட நுண்ணலைகளின் ஊடே அணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பாரிஸ் நகரில் நெடுங்காலம் ஆராய்ந்த செர்ஜ் அரோஷ், 2012-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதே சந்திப்பை, இயற்கை அளித்த அணுவுக்குப் பதிலாக மனிதன் சமைத்த மின்சுற்றைக் கொண்டு ஒரு சில்லின்மேல் நிகழ்த்திக் காட்டிய பெருமை, 2004-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ராபர்ட் ஷோல்கோப், ஸ்டீவன் கர்வின் ஆகியோருடன் உழைத்த குழுவினரைச் சாரும்.

சிலிக்கான் சில்லின்மீது நையோபியத்தால் அமைந்த, சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுள்ள நெளிந்த பாதையொன்றின் இரு முனைகளிலும் விடப்பட்ட சிறு இடைவெளிகளே ஆடிகளாக நின்று, வினாடிக்கு ஏறக்குறைய 600 கோடி முறை அதிரும் நுண்ணலையை உள்ளே தடுத்து வைத்தன. அப்பாதையின் ஓரத்து இடுக்கிலே, இரண்டு சக்தி நிலைகளை உடைய அலுமினியச் சுற்றான க்யூபிட், செயற்கை அணுவாக அமர்ந்திருந்தது. இத்தகைய நுண்ணலைப் போட்டானின் சக்தி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் போட்டானில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கே ஆதலால், சாதாரண உஷ்ணத்தின் இரைச்சலில் அது மூழ்கிவிடாதபடி, மைனஸ் 273 டிகிரி செல்சியஸை ஒட்டிய கடுங்குளிரில் கருவியை வைத்தார்கள்.

போட்டானின் சக்தியும் க்யூபிட்டின் இரு நிலைகளுக்கிடையேயுள்ள வித்தியாசமும் சரிசமமானபோது, க்யூபிட் போட்டானை விழுங்குவதும் மீண்டும் உமிழ்வதுமாக, அந்தச் சக்தி வினாடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவை கைமாறியது. இதற்குச் சாட்சியாக, சுற்றின் வழியே வெளிவந்த அலையின் வரைபடத்தில் ஒற்றைச் சிகரம் இரண்டாகப் பிளந்து நின்றது.

க்யூபிட், பாதை ஆகிய இரண்டின் அதிர்வெண்களையும் வேண்டுமென்றே விலக்கி வைத்தாலோ, சக்தி கைமாறுவதில்லை. ஆயினும் க்யூபிட் எந்த நிலையில் உள்ளது என்பதற்கேற்பப் பாதையின் அதிர்வெண் சற்றே பெயர்கிறது. பானையைத் தட்டி, எழும் ஒலியைக்கொண்டு அதை உடைக்காமலே அதன் தன்மையை அறிவதுபோல, மெல்லிய நுண்ணலையைச் செலுத்தித் திரும்பி வருவதைக் கவனித்து க்யூபிட்டின் நிலையை விஞ்ஞானிகள் படிக்கிறார்கள். இதன் மறுதலையாக, க்யூபிட்டின் அதிர்வெண் பெயர்வதைக்கொண்டு, பாதையிலுள்ள போட்டான்களை அழிக்காமலே எண்ணலாம் என்பதையும் 2007-ல் யேல் குழுவினர் நிரூபித்தார்கள்.

எனினும், க்யூபிட்டை நாம் அணுகும் இதே வழியிலும் அதன் சக்தி வெளியே கசிந்துபோகிறது. ஆகவே, எந்த அளவுக்கு நெருங்கவிடுவது, எந்த அளவுக்கு விலக்கி வைப்பது என்று க்யூபிட்டுக்கும் பாதைக்குமுள்ள உறவை ஆளும் திறமையே, இத்தகைய க்யூபிட்களைக் கொண்டு மீக்கடத்திகளால் (தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களால்) ஆன குவாண்டம் கணினியின் ஆற்றலைப் பெரிதும் நிர்ணயிக்கிறது.