ஏத்தியும் ஏத்துனவும்

நாமக்கல்லில் ராத்திரி நேரத்தில் லாரி ஓனருக்கு டிரைவரிடமிருந்து போன் வரும்: “முட்டை லோடு ஏத்தியிருக்குதுங்க. ஏத்துன வண்டி பைபாஸ்ல நிக்குதுங்க.” வினை ஒன்று, வேலை இரண்டு. ‘ஏத்தி’ இன்னொரு வினையைப் பிடித்துக்கொண்டால்தான் முடியும், அது வினையெச்சம். ‘ஏத்துன’ ஒரு பெயரைத் தேடும், அது பெயரெச்சம். தொல்காப்பியம் வகுத்த பிரிவு. பரீட்சையோடு நாம் மறந்தது.

ஸ்வீடிஷ் மொழியிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. ‘ஸ்க்ரீவா’ என்றால் எழுது. ‘யா ஹார் ஸ்க்ரீவித்’ என்றால் நான் எழுதியிருக்கிறேன். இந்த ‘ஸ்க்ரீவித்’ வடிவத்துக்கு ‘சுபீனும்’ என்று பெயர். லத்தீன் இலக்கணத்திலிருந்து வாங்கிய பெயர். ‘ஹார்’ உடைமையைச் சொல்லும் வினை என்பதால், ‘எழுதி வச்சிருக்கேன்’ என்று நாம் சொல்வது இன்னும் நெருக்கம். எழுதிய கடிதத்துக்கோ ‘ஸ்க்ரீவெத்’. ஓர் உயிரெழுத்துதான் மாறுகிறது, நம் ‘வந்து’, ‘வந்த’ போல.

ஆனால் அங்கே பெயரெச்சம் பெயருக்குத் தக்கபடி உருமாறும். புத்தகம் வேறு பால் என்பதால் ‘ஸ்க்ரீவென்’. பன்மை வந்தால் ‘ஸ்க்ரீவ்னா’. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுதிய கடிதம், எழுதிய கடிதங்கள், அவ்வளவுதான். பதிலுக்கு நாம் இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறார்கள் என்று துணைவினையில் அல்லாடுகிறோம். அவர்களுடைய ‘ஹார்’ யாருக்கும் அசையாது.

சுபீனுமால் முடியாத ஒன்று நம் வினையெச்சத்துக்கு முடியும்: சங்கிலி கோப்பது. வண்டி வந்து, லோடு ஏத்தி, தார்ப்பாய் கட்டி, டோல்கேட் தாண்டிப் போயிருச்சு. ஸ்வீடிஷ்காரர் இதை ‘வந்தது, ஏற்றியது, கட்டியது’ என்று முற்றுவினைகளாக அடுக்கித்தான் சொல்ல வேண்டும்.

பெயரெச்சத்தில் நம் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. ‘ஸ்க்ரீவெத்’ எழுதப்பட்ட பொருளோடுதான் சேரும். எழுதிய ஆளைச் சொல்ல ‘சொம்’ என்ற இணைப்புச் சொல்லைப் போட்டுத் தனி வாக்கியம் கட்ட வேண்டும். நமக்கு ஏத்துன ஆளு, ஏத்துன முட்டை, ஏத்துன லாரி, ஏத்துன இடம் எல்லாமே ஒரே ‘ஏத்துன’தான். திராவிட மொழி ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், 1856இல், அத்தகைய இணைப்புச் சொல்லின் வேலையையும் சேர்த்தே செய்வதாக நம் பெயரெச்சத்தை அடையாளம் கண்டார்.

ஏற்றும் வேலையில் நேரடியாக இல்லாத பெயரும் வந்து ஒட்டிக்கொள்ளும். லோடுமேன் கேட்பதைக் கேளுங்கள்: “ஏத்துன கூலி இன்னும் வரலீங்களே?”