குன்றேறிக் காணும் நாடு – 6: தோட்டத்தின் மேலே ஒரு சிகரம்

சென்ற வாரம், ஆங்கில நாட்டின் வடமேற்கிலுள்ள ஏரிப் பிரதேசத்தில், 978 மீட்டர் உயரமுடைய ஸ்காஃபெல் பைக் சிகரத்தின் கற்குவியல்களுக்கிடையே நின்று, கீழே விரிந்த பள்ளத்தாக்குகளையும் நீர்நிலைகளையும் கண்டோம். இந்த வாரம் அந்தக் குளிர்ந்த பிரதேசத்தை விட்டு நீங்கி, ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில், வடக்கே ரெங்கமும் தெற்கே கூலாயும் எல்லையாக, ரயில்பாதையை ஒட்டி அமைந்த லாயாங் லாயாங் என்னும் சிற்றூருக்கு வாசகர்களை அழைத்து வர விரும்புகிறேன். மலைக்காட்சி என்பது மேனாட்டாருக்கு மட்டுமே உரிய போகம் என்றும், தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு அதில் பாத்தியதை இல்லை என்றும் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் எண்ணத்தைக் களைய வேண்டும் என்பதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1909-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பிறகு, அதன் இருமருங்கிலும் இருந்த அடர்வனம் படிப்படியாக மறைந்து, ரப்பர்த் தோட்டங்களும், பின்னர் செம்பனைத் தோட்டங்களும் எழுந்தன. லாயாங் லாயாங்கைச் சூழ்ந்த நிலம் மேடும் பள்ளமுமாகச் செல்வதாயினும், ஊருக்குள்ளேயே ஏறி நின்று பார்க்கத்தக்க பெரிய மலை ஒன்றும் கிடையாது. வடக்கே குளுவாங் நகரின் ஓரத்தில் 510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக் நிற்கிறது. அதே மாவட்டத்தில் அதைக் காட்டிலும் இருமடங்கு உயரமாக, 1,010 மீட்டர் அளவில், குனோங் பெலுமுட் எழுகிறது. தெற்கே, 1927-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நெடுங்காலம் சிங்கப்பூருக்குக் குடிநீர் தந்த குனோங் பூலாய் 654 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடமேற்கே, மாநிலத்தின் தலைச்சிகரமாகிய குனோங் லேடாங் 1,276 மீட்டருக்கு ஓங்கி நிற்கிறது.

இந்த லேடாங் மலையில், 1854-ஆம் ஆண்டு, மலாக்காவில் தங்கியிருந்த இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ் ஏறினார். பாறைவெளியில் அபூர்வமான பெரணி வகைகளைக் கண்டு பரவசமுற்ற அவர், உச்சியில் காப்பிக்கு நீர் காய்ச்சும்போதே அதன் கொதிநிலையை அளந்து மலையின் உயரத்தைக் கணிக்க முயன்றார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட தமது பிரயாண நூலில், அவர் அம்மலைக்காட்சியைப் பற்றி ஓர் அபிப்பிராயத்தையும் பதிந்து வைத்தார்: காடு நிறைந்த நாடு தொலைவிலிருந்து பார்க்கையில் ஒரே மாதிரியாகச் சலிப்பூட்டுகிறது, வெப்ப மண்டலத்தில் தாம் ஏறிய எந்த மலையும், வேல்ஸ் தேசத்து ஸ்னோடன் சிகரம் தரும் காட்சிக்கு ஈடாகவில்லை என்பது அதன் சாரம். உயரத்தில் ஸ்னோடனை விஞ்சிய மலையின் மேல் நின்று பெற்ற அனுபவத்தைக் கொண்டே அவர் இவ்வாறு எழுதினார் என்பது நம் சிந்தனைக்குரியது.

அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மைக்குக் காரணம் மலைகளின் குணபேதம் அன்று, மனித சரித்திரமே. பிரிட்டிஷ் தீவின் குன்றுகள் இன்று மரமற்றுத் திறந்து கிடப்பதற்குக் காரணம், கற்கால மனிதன் கல்லால் ஆன கோடரியைத் தூக்கியது முதல் அங்கே காடு அழிக்கப்பட்டு வந்ததும், அழிந்த இடத்தில் மீண்டும் முளைக்கும் இளங்கன்றுகளைச் செம்மறி மந்தைகள் ஓயாது மேய்ந்து தீர்த்ததுமே ஆகும். சரிவுகளின் மேல் கோடு கிழித்தாற்போல் ஏறிச்செல்லும் கற்சுவர்களும், பள்ளத்தாக்கில் சதுரம் சதுரமாகத் தெரியும் வயல்களும் மனிதக் கைகள் சமைத்தவை. வாலஸ் ஸ்னோடனில் கண்டு மகிழ்ந்தது பல்லாயிரம் ஆண்டுகளின் உழைப்பை. லேடாங்கில் அவர் கண்டது, மனிதன் இன்னும் தன் கையெழுத்தை இடாத வனத்தை.

அந்தக் கையெழுத்து பின்னர் இடப்பட்டது. இட்டவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர். 1877-ஆம் ஆண்டில் இருபத்திரண்டு நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்திறங்கிய ரப்பர் மரம், சில தலைமுறைகளுக்குள் மலாயாவின் மேற்குச் சரிவெங்கும் பரவியதற்கும், 1917-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வாணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனை, பிற்காலத்தில் ரப்பரின் இடத்தையே கவர்ந்துகொண்டதற்கும், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தமிழ்க் கூலிகளின் தோள்களே ஆதாரமாக இருந்தன. இன்று குனோங் லம்பாக்கின் உச்சியை அடைந்து மரக்கிளைகள் விலகும் இடத்தில் நின்று பார்ப்பவருக்கு, குளுவாங் நகரும், அதற்கப்பால் அடிவானம் வரையில் வரிவரியாக நட்ட மரங்களும் தென்படும். எஞ்சியிருக்கும் பால்மரக்காடுகள், ஆண்டின் முற்பகுதியில் இலை சிவந்து, உதிர்ந்து, மீண்டும் இளம் பச்சையாய்த் தளிர்க்கும் வேளையில், ஆங்கிலேயர் தம் நாட்டு இலையுதிர் காலத்தைப் போற்றும் அளவுக்குச் சற்றும் குறையாத சௌந்தரியத்தை நம் கண்களுக்கு அளிக்கின்றன.

ஆயினும், அந்த வரிகளை மண்ணில் எழுதியவர்கள் அவற்றை மேலிருந்து படித்ததில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று, பால் நன்றாக வடியும் குளிர்ந்த வேளையிலேயே வெட்டி முடிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், நிழலுக்குள் மரத்துக்கு மரம் விரைந்து, மெல்லிய பட்டையின் ஒற்றைக் கீறலிலேயே பார்வையைப் பதித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அண்ணாந்து செம்பனைக் குலை அறுத்தவருக்கும் மட்டைகளுக்கு மேலே உள்ள வானம் தெரியவில்லை. தோட்டத்தை முழுமையாகக் காணும் மேடு, பெரும்பாலும், துரையின் பங்களா இருந்த மேடாகவே இருந்தது.

இங்கிலாந்திலும் மலைக்காட்சி உழைப்பாளிகளுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. மான்செஸ்டர் ஆலைகளில் வாரமெல்லாம் உழைத்த ஜனங்கள், ஞாயிற்றுக்கிழமையன்று புகையற்ற காற்றை நாடிச் சென்ற கிண்டர் ஸ்கவுட் என்னும் 636 மீட்டர் மேட்டுநிலம், பறவை வேட்டைக்காகப் பிரபுக்களால் அடைக்கப்பட்டுக் காவலாளர்களால் காக்கப்பட்டு வந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞர் முன்செல்ல, நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி அதன் மேல் ஏறினர். அவர்களில் ஐவர் சிறை புகுந்தனர். அந்தத் தியாகம் வீண்போகவில்லை. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்குமான சட்டம் பிறந்தது. 1951-இல் கிண்டர் ஸ்கவுட் உள்ளிட்ட பீக் மாவட்டம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. அதே 1932-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ரப்பர் விலை வீழ்ந்தமையால், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் வேலையிழந்து தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர். மலையைப் பார்க்கும் உரிமையைப் பற்றி எண்ணவும் அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

நம் மரபுக்கு மலை அந்நியமானதன்று. குறிஞ்சி நிலத்தின் தெய்வத்தைக் கடல் கடந்தும் குன்றின் மேலேயே அமர்த்தியவர்கள் நாம். பத்துமலையின் 272 படிகளைக் காவடி சுமந்து ஏறத் தளராதவர்கள். ஆனால் சந்நிதியை அடையும் ஆவலில் விரைந்து ஏறி, வழிபாடு முடிந்ததும் விரைந்து இறங்குகின்ற நமக்கு, இடைவழியில் நின்று திரும்பி நாட்டைக் காணும் பழக்கம் போதிய அளவில் வரவில்லை. பக்தியோடு ஏறுவதைப் போலவே, அறியும் விருப்பத்தோடு ஏறுவதும் புண்ணிய காரியமே என்று நான் நம்புகிறேன்.

ஆகவே, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் தாய்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் குனோங் லம்பாக்கில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். வேர்கள் படியாக நிற்கும் செங்குத்தான இடங்களில் சிறுவர்களை முன்னும் பின்னும் பெரியவர்கள் காத்துச் செல்லட்டும். பிற்பகலில் இடிமழை வரும் நாடாதலால் நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். லேடாங் போன்ற பெருமலைகளுக்கு முன்கூட்டிய அனுமதியும் வழிகாட்டியின் துணையும் இன்றியமையாதவை. உச்சியை அடைந்ததும் படம் பிடிப்பதோடு நின்றுவிடாமல், ரயில்பாதை எங்கே செல்கிறது, எந்தத் திசையில் லாயாங் லாயாங், பிள்ளைகளுடைய பாட்டனும் பாட்டியும் இருந்த லயங்கள் என்னும் வரிசை வீடுகள் எப்பக்கம் இருந்தன, எந்தச் சரிவில் அவர்கள் மரம் நட்டார்கள் என்பனவற்றை விரல் நீட்டிக் காட்டுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், பாடநூலில் ஒரு பத்தியாகச் சுருங்கிப்போன அவ்வரலாற்றை, நாடு முழுவதும் விரித்து எழுதிய ஏடாக அவர்கள் அங்கே காண்பார்கள். தாம் இந்த மண்ணுக்கு வந்தேறிய விருந்தினர் அல்லர், இதன் முகத்தையே சமைத்தவர்களின் சந்ததியார் என்ற உணர்வு, எவரும் உபதேசிக்காமலே அவர்கள் உள்ளத்தில் நிலைபெறும்.

அடுத்த வாரம் குனோங் லேடாங்கின் பாறைவெளிக்கு ஏறி, வாலஸ் வியந்த பெரணிகளையும், அவர் சலிப்பூட்டுவதாகக் கருதிய காட்டின் உள்ளே அடங்கியிருக்கும் பன்மையையும் நிதானமாக ஆராய்வோம்.