செல்லோவா, கெமிஸ்ட்ரியா?

அக்காவிடமிருந்து போன் வந்தால் வழக்கமாக "சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பிக்கும். போன ஆகஸ்டில் ஒரு நாள் அது இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். "டேய், உன் மருமக மியூசிக் படிக்கப் போறாளாம். நீ சாஃப்ட்வேர்ல இருக்கிறவன், நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் புத்தி சொல்லு."

அக்கா மகளுக்கு வயது 17. பன்னிரண்டாம் வகுப்பு. நாலாம் வகுப்பில் பள்ளி ஆர்கெஸ்ட்ராவுக்காகக் கையில் எடுத்த செல்லோவை இன்று வரை கீழே வைக்கவில்லை. அதே அளவுக்கு கெமிஸ்ட்ரியும் பிடிக்கும். அக்காவின் கணக்கு எளிமையானது. கெமிஸ்ட்ரி படித்தால் ஆராய்ச்சி இருக்கிறது, மருந்துக் கம்பெனி இருக்கிறது, டாக்டர் படிப்புக்கும் வழி இருக்கிறது. செல்லோவை ஞாயிற்றுக்கிழமை வாசித்துக்கொள்ளலாம்.

புத்தி சொல்லத்தான் போனேன். அவள் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் மாமா, ரெண்டுல ஒண்ணை விட்டே ஆகணுமா?"

என்னிடம் பதில் இல்லை. நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்பதுதான் பதில் என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம். உண்மையிலேயே அப்படித்தானா என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதம் தேடியதில் தெரிந்துகொண்டதை, அதே கேள்வி இருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

மூன்று விதமான கதவுகள்

அமெரிக்காவில் இசையைப் பட்டப்படிப்பாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இசைக்கு மட்டுமேயான கன்சர்வேட்டரி. நியூயார்க்கில் ஜூலியார்ட், பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் போன்றவை. அங்கே காலையிலிருந்து இரவு வரை இசைதான். கெமிஸ்ட்ரி லேப் கிடையாது.

இரண்டாவது, ஒரு சாதாரணக் கல்லூரியில் இசையை மேஜராக எடுத்து பி.ஏ. வாங்குவது. இதில் மொத்தப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடவோதான் இசை. மீதி எல்லாம் வேறு பாடங்கள்.

மூன்றாவது, எனக்கு இதுவரை தெரியாமலே இருந்தது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றும் முழு அளவிலான கன்சர்வேட்டரி ஒன்றும் ஒரே வளாகத்தில் இருப்பது. கன்சர்வேட்டரி பக்கம் பேச்சலர் ஆஃப் மியூசிக் பட்டம். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இசை. கல்லூரி பக்கம் கெமிஸ்ட்ரியோ கணிதமோ வரலாறோ எடுத்து பி.ஏ. ஐந்து வருடம் படித்தால் இரண்டு பட்டமும் கையில்.

இப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இல்லை. ஒஹையோவில் ஓபர்லின். விஸ்கான்சினில் ஆப்பிள்டன் ஊரில் உள்ள லாரன்ஸ் பல்கலைக்கழகம். பெயர்தான் பல்கலைக்கழகம், சுமார் 1,500 மாணவர்கள் படிக்கும் சின்ன இடம். நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரி. அங்கே 2005-இல் தொடங்கிய கன்சர்வேட்டரியில் இளநிலை மாணவர்கள் இரண்டாவது பட்டம் ஒன்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதே விதி. இன்னும் சில உண்டு. நாங்கள் இருப்பது டெட்ராய்ட் பக்கம் என்பதால், காரில் போய் வரக்கூடிய ஓபர்லினை முதலில் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

ஒரு சனிக்கிழமை

அக்டோபர் மாதம். நான், அக்கா, மருமகள். டொலிடோ வழியாக இரண்டரை மணி நேரம். கடைசி அரை மணி நேரம் சோள வயல்தான். "இந்தக் காட்டுக்குள்ள என்னடா காலேஜ்?" என்றாள் அக்கா.

ஊரே கல்லூரிதான். நடுவில் டாப்பன் ஸ்கொயர் என்ற பெரிய புல்வெளி, சுற்றிலும் கட்டிடங்கள். கல்லூரி 1833-இல் தொடங்கியது. 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்த இடம். இரண்டு வருடம் கழித்துப் பெண்களையும் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டது. கன்சர்வேட்டரி 1865-இல் வந்தது. மொத்தம் 3,000-க்குச் சற்றுக் குறைவான மாணவர்கள். அதில் கன்சர்வேட்டரியில் 600-க்கும் குறைவு.

கன்சர்வேட்டரிக் கட்டிடம் வெள்ளை வெளேரென்று, குறுகிய நெட்டை ஜன்னல்களோடு இருந்தது. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். நியூயார்க் இரட்டைக் கோபுரத்தை வடிவமைத்த மினோரு யமசாகிதான் இதையும் வடிவமைத்தவராம்.

பயிற்சி அறைகள் இருக்கும் தாழ்வாரத்தில் நடந்தபோது ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சத்தம். ஒன்றில் பியானோ, அடுத்ததில் ட்ரம்பெட், இன்னொன்றில் யாரோ ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப, விடாமல். மருமகள் அந்தக் கதவு முன்னால் நின்றுவிட்டாள். "நானும் இந்த இடத்துலதான் மாட்டிக்குவேன்" என்றாள். வீட்டில் அவள் பயிற்சி செய்யும்போது நாம் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம். இங்கே எல்லோருக்கும் அதுதான் வேலை.

பெரிய பல்கலைக்கழகங்களின் இசைத் துறையில் பேர்பெற்ற ஆசிரியர்களின் நேரத்தில் பெரும் பங்கு முதுநிலை மாணவர்களுக்குப் போய்விடும். இங்கே பெரும்பாலும் இளநிலை மாணவர்கள்தான். வாராவாரம் தனி வகுப்பு ஆசிரியரோடு நேரடியாக. ஆர்கெஸ்ட்ராவில் முன் நாற்காலியும் இவர்களுக்கே. கன்சர்வேட்டரியில் சேராத மாணவர்களும் இசை வகுப்புகள் எடுக்கலாம், குழுக்களில் வாசிக்கலாம். ஜனவரி மாதம் முழுக்க வழக்கமான வகுப்பு இல்லாமல் ஒரே ஒரு வேலையை எடுத்துச் செய்யும் 'விண்டர் டெர்ம்' என்ற ஏற்பாடும் உண்டு. ஒரு மாதம் செல்லோ மட்டும், அல்லது ஒரு மாதம் லேப் மட்டும்.

பிறகு அறிவியல் கட்டிடம். அங்கே ஒரு இளைஞனின் சிலை, அலுமினியத்தில். சார்ல்ஸ் மார்ட்டின் ஹால். 1885-இல் இங்கே பட்டம் வாங்கி, அடுத்த ஆண்டே 22 வயதில், தன் வீட்டுக் கொட்டகையில் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். நம் வீட்டு இட்லிப் பானை அவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இவரும் ஒரு காரணம். மருமகள் அந்த வேதி வினையை அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தாள். அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

எளிது என்று நினைக்க வேண்டாம்

இதுவரை சொன்னது அழகான பாதி. மறுபாதியையும் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுகிறவன்.

சேர்வதே இரண்டு மடங்கு வேலை. கல்லூரியும் கன்சர்வேட்டரியும் தனித்தனியாகப் பரிசீலிக்கும். ஒன்றில் கிடைத்து மற்றதில் கிடைக்காமல் போகலாம். கன்சர்வேட்டரிக்கு மார்க்கைவிட ஆடிஷன்தான் முக்கியம். பல வாத்தியங்களுக்கு முதலில் வீடியோப் பதிவு அனுப்பி, அதில் தேறினால்தான் ஆடிஷனுக்கே அழைப்பார்கள். எந்த மாதிரிப் பாடல்களை வாசிக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கும். அதைத் தயார் செய்யப் பல மாதங்கள் ஆகும். பதினோராம் வகுப்புக் கோடையிலேயே ஆரம்பிக்க வேண்டியது. நாங்கள் அதில் கொஞ்சம் தாமதம்.

சேர்ந்த பிறகும் நாள் என்பது 24 மணி நேரம்தான். பகல் முழுக்க லேப், சாயங்காலம் ஒத்திகை, அதற்கு மேல் தினமும் மூன்று நாலு மணி நேரப் பயிற்சி. கோடை விடுமுறையில் இசை முகாமா, ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்பா என்று ஒவ்வொரு வருடமும் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நாங்கள் பேசிய ஒரு வயோலா மாணவி நேராகவே சொன்னாள்: "ரெண்டும் பிடிக்கும்னா மட்டும் வாங்க. ஒண்ணு அம்மாவுக்காக, ஒண்ணு எனக்காகன்னு வந்தா, ரெண்டாவது வருஷத்துல அம்மாவோடதை விட்டுடுவீங்க." அக்கா என்னைப் பார்த்தாள். நான் புல்வெளியைப் பார்த்தேன்.

பணம்

பல தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து அறிவிக்கப்பட்ட செலவு இன்று ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிடும். இரட்டைப் பட்டம் என்றால் நாலுக்குப் பதில் ஐந்து வருடம். இந்த எண்ணைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போகத்தான் தோன்றும். அவசரப்படாதீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் அந்த முழுத் தொகையைக் கட்டுவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி ஒன்று; மதிப்பெண்ணுக்கும் ஆடிஷனுக்கும் தரும் ஸ்காலர்ஷிப் இன்னொன்று. அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் உண்மையான வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். பிள்ளையோடு பேசுவதற்கு முன்னால் அந்த எண் கையில் இருக்கட்டும். ஐந்தாவது வருடத்துக்கும் அதே உதவி தொடருமா என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோறு போடுமா?

அக்காவின் உண்மையான கேள்வி இதுதான். நல்ல ஆர்கெஸ்ட்ராக்களில் செல்லோ இடம் எப்போதாவதுதான் காலியாகும். ஒரு இடத்துக்கு நூறு பேருக்கு மேலும் வருவார்கள். இதை மருமகளிடம் மறைக்கவில்லை. ஆனால் இரட்டைப் பட்டத்தில் கெமிஸ்ட்ரியும் முழுசாக இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் குறிப்பிட்ட மேஜர் எதையும் கட்டாயமாகக் கேட்பதில்லை. தேவையான அறிவியல் பாடங்களும் எம்கேட் தேர்வும்தான் கணக்கு. அந்தக் கதவு மூடவில்லை.

என் பக்கத்திலிருந்து ஒன்று. வேலைக்கு ஆள் எடுக்க இன்டர்வியூவில் உட்கார்கிறவன் நான். தினமும் ஒரு தப்பைத் தனியாக உட்கார்ந்து திருத்தப் பழகியவரை எந்த டீமும் வேண்டாம் என்று சொல்லாது.

பாட்டு கிளாஸ் போகும் பிள்ளைகள்

இன்னொரு கேள்வியும் வரும்: "எங்க பொண்ணு கர்நாடக வயலின் ஆச்சே?" இந்த மாதிரி கன்சர்வேட்டரிகளின் ஆடிஷன் பெரும்பாலும் மேற்கத்திய இசைக்கும் ஜாஸுக்கும்தான். கர்நாடக இசை மட்டும் வாசிக்கிற பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம். ஆனால் கன்சர்வேட்டரி இல்லாத லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளையும் பாருங்கள். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாலசரஸ்வதியின் தம்பிகள் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் மிருதங்கம் டி. ரங்கநாதனும் பல வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர் கர்நாடக இசையைக் கற்க ஆரம்பித்ததும் அங்கேதான். நவராத்திரி விழா அங்கே வருடாவருடம் நடப்பது. தவிர, பல கல்லூரிகள் விண்ணப்பத்தோடு இசைப் பதிவையும் ஏற்கின்றன. அதில் ஒரு வர்ணம் அனுப்ப யாரும் தடை சொல்வதில்லை.

போய்ப் பார்க்கும்போது

கேட்க வேண்டியவை என்று நாங்கள் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்:

என் பிள்ளைக்குச் சொல்லித்தரப் போகும் ஆசிரியர் யார்? அவரிடம் ஒரு மாதிரி வகுப்பு கிடைக்குமா?

இரட்டைப் பட்டத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டையும் முடிக்கிறார்கள்?

லேப் நேரமும் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகையும் மோதினால் யார் விட்டுக்கொடுப்பார்கள்?

ஒரு பட்டத்தை நடுவில் விட்டால் ஸ்காலர்ஷிப் என்னவாகும்?

திரும்பி வரும்போது அக்கா பின் சீட்டில் தூங்கிவிட்டாள். மருமகள் மெதுவாகக் கேட்டாள். "மாமா, நீங்க மிருதங்கம் வாசிப்பீங்களாமே. எப்ப நிறுத்தினீங்க?"

"பன்னெண்டாவதுல. கோச்சிங் கிளாஸ் ஆரம்பிச்சதும்."

"தாத்தா நிறுத்தச் சொன்னாரா?"

"இல்ல. யாரும் சொல்லல. நானே அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன்."

பின்னால் அக்கா தூங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது நிலைமை இது. ஓபர்லின், லாரன்ஸ் இரண்டுக்கும் இரட்டைப் பட்டத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கெமிஸ்ட்ரி மட்டும், அது அக்காவின் நிபந்தனை. ஆடிஷன் பிப்ரவரியில். கிடைக்குமா, கிடைத்தாலும் பணம் ஒத்துவருமா, இரண்டும் ஏப்ரலில் தெரியும். கிடைக்காமலும் போகலாம். ஆனால் போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, செல்லோ சத்தம் மேலே கேட்டது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். அக்கா எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு சீரியல் பார்த்தாள்.