பரணில் கிடந்த கிடார் மீண்டும் பேசியது!

ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது தா.பழூர். சுற்றிலும் கிராமங்கள், ஊர்தோறும் மாரியம்மன் கோவில், கோவில்தோறும் திருவிழா. திருவிழா இரவில் மெல்லிசைக் கச்சேரி இல்லாமலா?

அந்த மேடைகளில் பல ஆண்டுகள் ‘பாஸ் கிடார்’ வாசித்தவர் என் தாய்மாமன். பாடுகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். மூலையில் நின்று, ‘தும் தும்’ என்று பாட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? அவர் வாசிப்பை நிறுத்தினால்தான் குறை தெரியும்!

இருபது ஆண்டுகளாகப் பரணில் கிடந்த அந்தக் கிடாரைச் சென்ற ஆடிக்கு முன் மாமா கீழே இறக்கினார். மகன் கச்சேரிக் குழுவில் சேர்ந்திருக்கிறான், அவனுக்கு வேண்டுமாம்.

“என்ன மாப்பிள்ளே, இது மறுபடி பேசுமா?” என்றார்.

ஆம்பிளிஃபயரில் இணைத்தோம். கரகரவென்றது, பிறகு உறுமியது. பேசவில்லை.

குரல் எங்கே இருக்கிறது?

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் ‘பிரிசிஷன் பாஸ்’ கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை மேடைகளில் ஆள் உயரப் பெரிய பாஸ் வாத்தியமே வழக்கம். ஃபெண்டரின் கிடாரில் வீணையைப் போல மெட்டுகள் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. பெயரின் பொருளும் அதுதான்.

நான்கு தந்திகளில் மிகத் தடித்தது வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. இதுவே ‘பிக்கப்’. இரும்புத் தந்தி அதிர்ந்தால் செம்புக் கம்பியில் சிறு மின்சாரம் பிறக்கும். கிடாரின் குரல் அதுவே.

“உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்” என்றார் தெரிந்தவர் ஒருவர். மாமாவுக்கு மனம் வரவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தோம். பிக்கப் சில ஆயிரம் ஓம் காட்டியது. கம்பி அறுபடவில்லை, உயிர் இருக்கிறது! நோயெல்லாம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலில் சேர்ந்த தூசியும், விட்டுப்போன ஓர் ஈயப் பற்றும்தான். சுத்தம் செய்து பற்றவைத்ததும் கரகரப்பு மறைந்தது.

ஆனால் உறுமல் போகவில்லை.

வெட்டப்பட்ட கம்பி

ஆம்பிளிஃபயரின் பிளக்கைத் திறந்தேன். எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தது!

“அப்போது மேடையில் ஒரே உறுமல். அதை வெட்டியதும் நின்றுபோச்சு” என்றார் மாமா, ஏதோ சாமர்த்தியம் செய்தவர்போல.

வாசகர்களே, இது சாமர்த்தியமல்ல. எமனுக்கு அனுப்பும் அழைப்பு. கிடாரின் தந்திகள் ஆம்பிளிஃபயரின் உலோகப் பெட்டியோடு மின்தொடர்பு கொண்டவை. பெட்டிக்குள் கோளாறு ஏற்பட்டு மின்சாரம் கசிந்தால், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் தந்திக்கு வரும். கை தந்தியில், உதடு மைக்கில். இடையில் இருப்பது மனிதனின் நெஞ்சு! 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். வயது 27.

உறுமலைப் போக்க நேர்வழி உண்டு. மேடைக் கருவிகள் எல்லாவற்றுக்கும், எர்த் சரியாக உள்ள ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். கிடாரின் உட்குழியில் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு இணைக்க வேண்டும். பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும்.

மாற்றமே கூடாதா?

அப்படியல்ல. மாண்டலினில் நான்கு இரட்டைத் தந்திகள் இருப்பது வழக்கம். யு.சீனிவாஸ் (1969–2014) மின் மாண்டலினில் ஒற்றைத் தந்திகள் ஐந்தை வைத்துக்கொண்டார். கமகம் குழைந்தது; கீழ் ஸ்தாயியும் கிடைத்தது. காரணம் தெரிந்து செய்த மாற்றம் அது!

நாங்கள் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிக் கும்பகோணம் போய் மூன்று பின் பிளக்கும் வயரும் வாங்கிவந்தோம். தந்திகளைப் புதிதாக மாட்டினோம். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுப்பதால் கழுத்து வளைந்திருந்தது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை ஒரு நாளைக்குக் கால் சுற்றாக முடுக்கி நிமிர்த்தினோம். பிக்கப் மட்டும் பழையதே.

ஆடித் திருவிழா இரவில் மகன் வாசித்தான். மாமா கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்து கேட்டார். ஆனால் கச்சேரி தொடங்குமுன் ஒருமுறை மேடையேறியிருந்தார். கிடாரை அவர் தொடவில்லை. குனிந்து, பிளக்கில் மூன்று பின்னும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்!