ஏரிப் படகுக்கு வேக வரம்பு எதற்கு?

சாலையில் வண்டிக்கு வேக வரம்பு என்றால் எவரும் மறுப்பதில்லை. ஏரியில் படகுக்கு என்றால் மட்டும், "தண்ணியிலே எதுக்கய்யா சட்டம்?" என்கிறார்கள். இந்த வழக்கைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் 2005 மார்ச் முதல் மணிக்கு 10 கடல் மைலுக்கு (சுமார் 18.5 கி.மீ.) மேல் படகு ஓட்டக் கூடாது. விதி 2000-லேயே ஒப்புதல் பெற்றது. தொழிலை மாற்றிக்கொள்ள 5 ஆண்டுத் தவணை கொடுத்தார்கள். வேகப் படகால் பிழைத்தவர்கள் எதிர்த்தார்கள். அமைதியை நாடியவர்கள் வரவேற்றார்கள். வியாபாரியான எனக்கு இரு பக்க நியாயமும் விளங்குகிறது. ஆனால் தண்ணீரின் நியாயம் ஒன்று உண்டே!

வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. படகுக்கு பிரேக்கும் கிடையாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும் நடுத்தர வேகத்தில்தான் அலை பெரிசாக எழும்பும். அது கரையை அரிக்கும், சிறு படகைப் புரட்டும். ஆகவே "கொஞ்சம் மெதுவா ஓட்டுப்பா" என்றால் போதாது. அலை எழாத அளவுக்குக் குறைக்க வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். குடுபல்லி, குப்பம் பக்கத்து நம்மவர்கள் லீவு நாளில் பூநாரை பார்க்கப் போகும் பழவேற்காடு ஏரி, ஆந்திரம், தமிழகம் இரண்டுக்கும் பொது. ஆழம் குறைவு, மோட்டார் வேகமாகச் சுழன்றால் சேறு கலங்கும், வலை அறுபடும். அங்கே 25.12.2011 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். கேரளத்துத் தானூரில் 7.5.2023 அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். ஆக, வேக வரம்புக்கும் முன்னால் தலைக்கணக்கு வரம்பு வேண்டும்.

1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, சோதனை, காப்பீடு ஆகியவற்றைக் கேட்கிறது. கட்டுப்பாடு நமக்குப் புதுசும் அல்ல. பழவேற்காட்டு மீனவர்கள் எந்த இடத்தில் யார் எப்போது வலை விடுவது என்று "பாடு" முறை வைத்துத் தலைமுறைகளாகப் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். படகுச் சவாரி விதிகளையும் ஏரியை அறிந்த அவர்களைக் கேட்டே வகுப்பதுதான் முறை.

அதுவரை நம் கையில் இருப்பது மூன்று கேள்வி. எத்தனை பேர் ஏறலாம்? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா? எவ்வளவு வேகம் போவீர்கள்? சரியான பதில் வராவிட்டால், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் கரையிலேயே நில்லுங்கள். பூநாரை கரையிலிருந்தும் தெரியும்.