தேய்ந்த மூட்டை ஏன் அசைக்க வேண்டும்?

முழங்கால் வலி வந்ததும் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நடக்காதீங்க, இன்னும் தேஞ்சுடும்." அக்கறையில் சொல்வதுதான், ஆனால் மூட்டின் அமைப்பு அதற்கு நேர்மாறானது. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் பெரும்பாலும் அதற்கு உணவு. காலை ஊன்றும்போது அது பஞ்சுபோல அழுந்திக் கழிவை வெளியேற்றுகிறது. காலைத் தூக்கும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவு நின்றால் அந்த ஊட்டமும் குறையும். தொடைத் தசை மெலியும்; அது தாங்கிவந்த சுமையும் மூட்டின்மேல் விழும்.

"ஏற்கெனவே தேய்ந்ததை மேலும் தேய்ப்பதா?" என்ற கேள்வி நியாயமானதே. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் ஓய்வு வேண்டும். முடக்குவாதத்துக்கு மருந்துதான் முதலில். ஆனால் மூட்டுத் தேய்மானத்தில் அளவான நடையும் தொடைப் பயிற்சியும் வலியைக் குறைக்கின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை சுமார் 4 கிலோ குறையும். 2019இல் உலகில் சுமார் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இத்தனை பேரும் வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டால் சர்க்கரையும் இதயநோயும் பின்னாலேயே வரும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள்.